புதிய கர்னலும் ஒரு நேர்முகப் பரீட்சையும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் ஏறும் பாதையில் எங்கள் தோட்டத்து மாதா கோயில் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள பழைய மண்டபத்தில் எட்டுக் கணினிகள். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவற்றை ஃபாதர் கேட்டு வாங்கி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். எட்டும் ஒரே வகை, ஒரே வயது. நான் தோட்டப் பாடசாலையில் கணினிப் பாடம் படிப்பிப்பவள். பாடசாலை விட்ட பிறகு அந்த அறையையும் பார்த்துக்கொள்கிறேன். வந்தபோது அவற்றில் இருந்த மென்பொருள் அந்தக் கிழட்டு இயந்திரங்களுக்குத் தாங்கவில்லை. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அதனால் எட்டிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. வாசித்து, உடைத்து, திரும்ப வாசித்துப் பழகியதுதான்.

எங்கள் தோட்டம் ஒரு குழிக்குள் இருப்பதால் போனுக்குச் சிக்னல் வராது. கோயில் கோபுரத்தில் ஓர் ஆன்டெனாவைப் பொருத்தி, அங்கிருந்து வயர் இறக்கி, மண்டபத்தில் ஒரு ரவுட்டர் பெட்டி வைத்திருக்கிறோம். போன வருடம் இடி விழுந்ததில் அந்தப் பெட்டியின் வைஃபை பகுதி கருகிப் போனது. கேபிள் செருகும் துளைகள் மட்டும் பிழைத்தன. ஆகவே இணையம் வேண்டுமென்றால் அந்த எட்டுக் கணினிகளில் ஒன்றின் முன்னால் வந்து உட்கார வேண்டும். ஃபாதரிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அது அவரோடுதான் பயணம் போகும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அக்கா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அக்கா அங்கே உதவியாளாகச் சேர்ந்து பதினாலு வருடம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு மகள்மார். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியவர். பொறுப்பாளராக வேண்டுமென்றால் சிறுவர் பராமரிப்பு டிப்ளோமா படிக்க வேண்டும், அதற்கு முதலில் ஒரு நேர்முகப் பரீட்சை. முதல் தடவை விண்ணப்பித்தபோது அழைப்புக் கடிதம் தோட்ட ஒபிசில் கிடந்து, நாள் கடந்தபிறகுதான் அவர் கைக்கு வந்தது. இரண்டாம் தடவை போனில் பேசச் சொன்னார்கள். தண்ணித் தாங்கி இருக்கும் மேட்டுக்கு ஏறி நின்று பேசினார். பாதியில் லைன் கட்டாகிவிட்டது, திரும்ப யாரும் எடுக்கவில்லை. இது மூன்றாவது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வீடியோவில்.

வியாழக்கிழமை பின்னேரம் அவரை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். கணினியின் கமெராவில் அவர் முகம் அசையாமல் நின்று நின்று வந்தது. வாய் மூடியிருக்கும்போது பேச்சு கேட்டது. வாசித்துப் பார்த்ததில், அந்த வகைக் கமெராவுக்குப் பழைய கர்னலில் ஒரு குறை இருப்பதாகவும் புதியதில் அதைச் சரிசெய்திருப்பதாகவும் தெரிந்தது. கர்னல் என்பது லினக்ஸின் நடுப்பகுதி. கமெரா, விசைப்பலகை, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். ஒவ்வொன்றோடும் பேச அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். இரண்டு வருடமாக நான் கர்னலைத் தொட்டதில்லை. இப்போது தொட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் இருக்கையிலிருந்தே எட்டுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்தேன். எட்டிலும் ஒரே நேரத்தில் வரிகள் ஓடுவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. முடிந்ததும், டிஸ்க்கில் இடம் குறைவு என்று, பழைய கர்னலைத் துடைக்கும் கட்டளையையும் அனுப்பினேன். பிறகு ரீஸ்டார்ட்.

எட்டும் எழுந்தன. எட்டிலும் இணையம் இல்லை.

முதலில் ஆன்டெனா என்று நினைத்தேன். ரவுட்டரில் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கணினிகளின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் மினுக்கும் பச்சை விளக்குதான் அணைந்திருந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எட்டும் இருட்டு.

எந்தக் கருவிக்கு எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று பட்டியல் கேட்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தேன். நெட்வொர்க் கார்டின் பெயர் இருந்தது. அதன் கீழே, ‘பாவனையில் உள்ள டிரைவர்’ என்று வர வேண்டிய வரி இல்லை. பட்டியலை அப்படியே என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

காரணம் உடனே புரிந்தது. குறைந்தபட்சம், புரிந்ததாக நினைத்தேன். இந்தக் கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. பெயரில் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். ஒன்று ஒன்பதில் முடியும், அது கர்னலோடு சேர்ந்தே வருவது. மற்றது எட்டில் முடியும், வெளியிலிருந்து எடுத்து அந்தந்தக் கர்னலுக்கு ஏற்றாற்போல் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பது அரை மணிக்கு ஒரு தரம் லைனை விட்டுக்கொண்டிருந்தது. அதனால் எட்டைப் போட்டேன். அதன்பிறகு தொல்லை இல்லை, நானும் அதை மறந்துவிட்டேன். இப்போது கர்னல் மாறிவிட்டது, எட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டுவதற்குப் புதிய கர்னலின் உள்ளமைப்பைச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை இணையத்தில் இருந்தன. என்னிடம் இணையம் இல்லை.

பழைய கர்னலுக்குத் திரும்பினால் ஐந்து நிமிட வேலை. அதைத்தான் என் கையாலேயே துடைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் என் கணவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“எட்டையும் ஒண்ணாவா செஞ்ச?”

“ஒண்ணாத்தான்.”

“நாங்க கொழுந்து உருட்டுற ரோலரைக் கழட்டினாக்கூட ஒண்ணைக் கழட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்ததுல கை வைப்போம்.”

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறாரே என்றுதான் அந்தக் கோபம்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மேட்டுக்கு ஏறிப் போனிலேயே இறக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் மழையில் அங்கே சிக்னலும் நிற்காது, அட்டைக்கடிக்கு நின்றுகொண்டிருக்கவும் முடியாது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஏழரை பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில், போட்டோ கொப்பி எடுக்கும் கடை ஒன்றில் இரண்டு கணினிகள் உண்டு. கடைக்காரர் சிங்களவர். எங்கள் ஆட்கள் வந்துபோகும் கடை என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“என்ன மிஸ், பிள்ளைகளுக்குப் பேப்பர் அடிக்கவா?”

“இல்லைங்க. ஒரு பைல் எறக்கணும்.”

“எறக்குங்க. பெரிசா?”

“பெரிசில்ல. சரியானதா இருக்கணும், அவ்வளவுதான்.”

சரியானதாக இருக்கவில்லை. திரும்பி வந்து பென்டிரைவைச் செருகி நிறுவப் பார்த்தபோது, ‘இதற்கு முன்னால் இன்னொரு தொகுப்பு வேண்டும்’ என்று சொல்லி நின்றது. ஹெடர் கோப்புகள் இரண்டு பங்காக வருபவை. நான் ஒரு பங்கை மட்டும் கொண்டுவந்திருந்தேன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பவும் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தன் சொந்த மேசையிலிருந்து எழுந்து, “இது வேகம் கூட, இதுல இருங்க” என்றார். இந்தத் தடவை அந்த இரண்டாவது பங்கும், அதற்கு வேண்டியதும், அந்த வேண்டியதற்கு வேண்டியதும் என்று எல்லாவற்றையும் இறக்கினேன். எட்டில் முடியும் டிரைவரின் மூலக் கோப்பையும் இன்னொரு தடவை எடுத்துக்கொண்டேன்.

வந்து சேர நான்கு மணி. சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. முதலாவது கணினியில் ஹெடர் கோப்புகள் ஒழுங்காக ஏறின. டிரைவரைக் கட்டச் சொன்னேன். வரிகள் ஓடின. அரை நிமிடம் கழித்துச் சிவப்பில் பிழை. புதிய கர்னலில் ஏதோ ஒரு செயல்பாட்டை எடுத்துவிட்டார்களாம். எட்டு அதைத் தேடிப் போய், காணாமல் நின்றுவிட்டது. அந்த டிரைவரை எழுதியவர்கள் இந்தக் கர்னல்வரை வந்து சேரவில்லை. கோப்பைத் திறந்து நானே திருத்தலாமா என்று பார்த்தேன். அந்த மொழி எனக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும், எழுத வராது. இரண்டு இடத்தில் மாற்றினேன். மூன்றாக இருந்த பிழைகள் ஒன்பதாகிவிட்டன. கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மண்டபத்துக்கு வந்தேன். வெள்ளிக்கிழமையே பதுளைக்குக் கூட்டத்துக்குப் போன ஃபாதர், செவ்வாய்க்கிழமைதான் வருவார். வேறு கோயில் சாமியார் வந்து பூசை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் ஒரு மடிக்கணினி கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று அவருடைய வண்டி இறங்கிப் போன பிறகுதான் தோன்றியது.

பதினொரு மணிக்கு அக்கா ஒத்திகைக்கு வந்தார். கையில் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பதில்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“டீச்சர், நெட்டு வரலையா?”

“வரலக்கா. வெள்ளிக்கிழமை நான் ஒரு வேலை பாத்தேன். அதுல எட்டும் நின்னு போச்சு.”

“எட்டுமா?”

“எட்டும்.”

வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றியிருந்த கொப்பியை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பண்டாரவளைக் கடையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“தோட்டத் துரைகிட்ட ரெண்டு மணித்தியாலந்தான் கேட்டிருக்கேன். பஸ்ஸுல போய் வரவே அது பத்தாது. பதினேழு பிள்ளைங்க இருக்கு டீச்சர், தனியா ஒருத்திகிட்ட எவ்வளவு நேரம் விட்டுட்டு வர்றது?” என்றவர், சிறிது யோசித்துவிட்டு, “நான் தண்ணித் தாங்கிக்கிட்ட ஏறிப் பேசுறேன். குடை இருக்கு” என்றார்.

“போன தடவை அங்கதானேக்கா கட்டாச்சு.”

“ஆமா, கட்டாச்சு. இந்தத் தடவையும் கட்டாகணும்னு இருக்கா?”

“ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்கக்கா” என்றேன்.

அவர் வாங்கில் இருந்தபடியே கொப்பியை விரித்து வாய்க்குள் படிக்கத் தொடங்கினார். நான் என் கொப்பியை விரித்தேன். வெள்ளிக்கிழமை எழுதிய பட்டியலை முதலிலிருந்து வாசித்தேன். எந்த வரி இல்லை என்பதை மட்டுமே அன்று பார்த்திருந்தேன். அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்க்கவில்லை. ‘பொருந்தும் டிரைவர்’ என்று எழுதி, அதன் எதிரே ஒன்பதில் முடியும் பெயர். அதாவது ஒன்பது கணினிக்குள்ளேயே இருக்கிறது. கர்னலோடு வந்திருக்கிறது. கார்டுக்குப் பொருந்தவும் செய்கிறது. வேலைக்குத்தான் வரவில்லை.

பெயரைச் சொல்லி அதை ஏற்றும்படி ஒரு கட்டளை கொடுத்தேன். ஒரு வரி. பதிலாக எதுவும் வரவில்லை. லினக்ஸில் பதில் வராவிட்டால் காரியம் நடந்துவிட்டது என்று அர்த்தம். மேசைக்குக் கீழே குனிந்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“வந்திருச்சுக்கா!”

அக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். திரையில் ஒன்றும் புதிதாக இல்லை. “எங்க?” என்றார். அவரையும் மேசைக்குக் கீழே குனியவைத்துக் காட்டினேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள ரீஸ்டார்ட் செய்தேன். விளக்கு திரும்பவும் அணைந்துவிட்டது.

இந்தத் தடவை பயம் வரவில்லை. கையால் ஏற்றினால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை. அப்படியென்றால் ஏறாதே என்று யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். எந்த டிரைவர் தானாக ஏறக்கூடாது என்று எழுதி வைக்கும் கோப்புகள் ஓர் இடத்தில் உண்டு. அங்கே தேடினேன். இரண்டு வருடம் பழைய சிறிய கோப்பு ஒன்று கிடந்தது. இரண்டே வரி. இரண்டாவது, ஒன்பதைத் தடுக்கும் கட்டளை. முதலாவது குறிப்பு, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்: இந்தச் சனியன் இனிமேல் ஏறவே கூடாது.

என் எழுத்துத்தான். எட்டைப் போட்ட அன்று, இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நான்தான் ஒன்பதைத் தடுத்திருந்தேன். எட்டுக் கணினியிலும் தடுத்திருந்தேன். புதிய கர்னலில் எட்டைக் கட்ட முடியவில்லை, ஒன்பதை நான் விடவில்லை. மூன்று நாளும் கர்னலைத் திட்டினேன், டிரைவர் எழுதியவர்களைத் திட்டினேன், மழையைக்கூடத் திட்டினேன்.

அக்காவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு அது தெரியப் போவதில்லை. ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்ததும் மறைக்க மனம் வரவில்லை.

“வேற யாரும் கெடுக்கலக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானே இதைப் பூட்டி வச்சிருக்கேன். மறந்துட்டு ரெண்டு தடவை பண்டாரவளைக்குப் போய் வந்திருக்கேன்.”

“அதெல்லாம் எனக்கு வெளங்காது டீச்சர். நாளைக்கு வருமா வராதா?”

“வரும்.”

“அப்ப சரி. நான் படிச்சதைக் கேளுங்க.”

அந்தக் கோப்பை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். விளக்கு தானாக எரிந்தது. அந்த ஒரு கணினியில் மட்டும்தான் செய்தேன். மற்ற ஏழையும் தொடவில்லை. பிறகு அக்காவின் பதில்களைக் கேட்டேன். கமெராவில் அவர் முகம் இப்போது தடங்கலில்லாமல் வந்தது. அந்த விஷயத்தில் புதிய கர்னல் சொன்னபடி செய்தது.

‘வரும்’ என்று சொன்னேனே தவிர, ஒன்பது பழையபடி அரை மணிக்கு ஒரு தரம் லைனை விடுமா என்ற கேள்வி இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு, வெளியே உள்ள ஒரு கணினியை நொடிக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளையை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வாரப் பாடக்குறிப்பு எழுதினேன். முதல் அரை மணி போனது. இரண்டாவதும் போனது. நான்கு மணிவரை ஓர் அழைப்புகூடப் பதிலில்லாமல் போகவில்லை. இரண்டு வருடத்தில் யாரோ எங்கேயோ அதைத் திருத்தியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பாடசாலையில் அரை நாள் லீவு போட்டேன். அக்கா ஒன்பதரைக்கே வந்துவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே எழுந்து குளித்து, மகளின் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தார். தலைமயிர் இன்னும் முழுதாகக் காயவில்லை. நான் கமெராவுக்குத் தெரியாத மூலையில், மற்றொரு கணினியிலும் ஒன்பதை விடுவித்து, அந்தக் கூப்பிடும் கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். முதலில் பெயர், வேலை, எத்தனை பிள்ளைகள். பிறகு நடுவிலிருந்த அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டார். அக்கா கொப்பியில் எழுதிப் பாடம் பண்ணிய சிங்களத்தில் தொடங்கி, இரண்டாவது வசனத்திலேயே கொப்பியை விட்டுவிட்டுத் தனக்கு வந்த சிங்களத்தில் பேசினார். அதுதான் நன்றாக இருந்தது. மற்ற அம்மா தமிழில் கேட்டார்.

“தாய் வேலைக்குப் போனதும் ஒரு பிள்ளை நிறுத்தாம அழுதா என்ன செய்வீங்க?”

இதற்கும் கொப்பியில் ஒரு பதில் இருந்தது. விளையாட்டுப் பொருள், பாட்டு, கவனத்தைத் திருப்புதல் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைச் சொல்லவில்லை.

“அழாதேன்னு சொல்ல மாட்டேங்க. ஒவ்வொரு தாய்கிட்டயும் தலையில கட்டுற துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருக்கேன். கழுவாததா. அந்தப் பிள்ளைக்கு அவங்கம்மா துண்டைக் குடுத்தா, கையில புடிச்சுக்கிட்டு, மோந்து பாத்துக்கிட்டு...”

அந்த இடத்தில் படம் நின்றது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். என் திரையில் ஓர் அழைப்புக்குப் பதில் இல்லை. இன்னொன்றுக்கும் இல்லை. எழுந்து போய் எதையாவது தொடவேண்டும்போல இருந்தது. எதைத் தொடுவது என்று தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைப் பார்த்திருப்பவர்போல, திரையைப் பார்த்தபடி இருந்தார். ஐந்தாவது அழைப்புக்குப் பதில் வந்தது. படம் அசைந்தது. கோபுரத்தில் காற்று ஆன்டெனாவை ஆட்டியிருக்க வேண்டும்.

“கேக்குதுங்களா மேடம்?”

“கேக்குது, கேக்குது. துண்டைக் குடுத்தா?”

“மோந்து பாத்துக்கிட்டே தூங்கிருமுங்க.”

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்து, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் மீதமிருந்த ஆறு கணினிகளிலும் அந்தக் கோப்பை எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக.

செவ்வாய்க்கிழமை வந்த ஃபாதரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த ரவுட்டரை மாத்த ஆரையாவது கேக்கணும், என்ன?” என்றார்.

மூன்று வாரம் கழித்து, அக்கா தெரிவாகியிருப்பதாகப் போனில் சொன்னார்கள். கடிதம் வேண்டாம், போனுக்குச் சொல்லுங்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். அக்காவின் தங்கச்சி பண்டாரவளையில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார், அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார். செய்தி தங்கச்சியிடமிருந்து பஸ் கண்டக்டரிடமும், கண்டக்டரிடமிருந்து பிள்ளைக் காம்பராவுக்கும் வந்து சேர்ந்தது. நான் போனபோது ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். “கெடைச்சிருச்சு டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கரண்டியை நீட்டிக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் இரண்டு பஸ் மாறிப் பதுளைக்கு வகுப்புக்குப் போகிறார். புதன் பின்னேரங்களில் மண்டபத்துக்கு வந்து மூன்றாவது கணினியில் உட்கார்ந்து வகுப்பில் கொடுத்த ஒப்படை எழுதுகிறார். இரண்டு விரலால்தான் அடிப்பார். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் போகிறது. போன கிழமை பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இந்த ‘ஞா’ எங்க இருக்கு? வயசுக்கேத்த ஞாபகசக்தின்னு எழுதணும். அரை மணியாத் தேடுறேன்.”

நான் போய்க் காட்டினேன்.